முன்ஷிக்குத் தெரியாத கிலோ

— நாப்பதா?

— நாப்பது.

— அரிசி நாப்பது கிலோவா? நூறு பேரு விருந்துக்கா?

— ஆமா நந்து, ஆமா. அதையே எத்தன தடவ கேப்ப? போளூர் ரோட்டு மண்டபத்துலேருந்து இப்பதான் போன் வந்துச்சு. மூணு தேக்சா அண்டாவுல முதல் தேக்சாவ மட்டும் தொறந்தாங்களாம். நூறு பேரும் ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டாங்களாம். கொழந்தைக்குப் பேரு வெச்சு, துவா ஓதி, கையும் கழுவிட்டாங்களாம். மத்த ரெண்டு தேக்சாவும் மூடியில ஒட்டுன மாவு ஒட்டுனபடி அப்டியே இருக்காம்.

— ஐயோ சாமி. ரெண்டும் முழுசாவா?

— முழுசா. காசிம் அண்ணன் வண்டியில ஏத்திட்டாராம். வந்துட்டு இருக்காரு.

— ருக்கு, கோச்சுக்காத. சிரிப்ப அடக்க முடியலடி.

— சிரி. நல்லா சிரி. நாளைக்கு நான் பெங்களூர் பஸ்ல ஏறி உக்காந்த பெறகும் இதே மாரி சிரி.

— ஏய், உங்கப்பா அன்னிக்கு ஏதோ கோவத்துல சொன்னாரு. அத நீ நெஜம்னு நெனச்சுக்கிட்டு…

— நெஜம்தான். ஜானி பாஷா ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான். ஊருக்கே தெரியும். போன மாசம் இதே ரூம்ல நின்னு என்ன சொன்னாரு? நீயும்தான இருந்த.

— இருந்தேன். "வர்ற பௌர்ணமி வரைக்கும் உன் கம்ப்யூட்டரு முன்ஷிய வெச்சு ஆர்டர் எடுத்துப் பாக்குறேன். அதுக்குள்ள சோத்தோட ஒரே ஒரு தேக்சா நம்ம வாசலுக்குத் திரும்பி வந்துச்சுன்னாலும், அந்த மெஷின மூடிட்டு நீ பெங்களூர் வேலைக்குப் போயிடணும்"னாரு.

— வார்த்த மாறாம சொல்ற. இன்னிக்கு என்ன நாளு?

— பௌர்ணமி. அதான் நான் காலையிலேருந்து பச்சத்தண்ணியோட இருக்கேன். ராத்திரி மலை சுத்தணும்.

— கடைசி நாளு. இன்னிக்கு மட்டும் தாண்டியிருந்தா போதும். அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். வரலேன்னு அழகா ஒரு மெயில் எழுதி வெச்சிருந்தேன்டி. அனுப்புற பட்டனத் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

— இப்ப?

— இப்ப வரேன்னு எழுதணும். அப்பா தூசு தட்டி வெச்ச சூட்கேஸு கீழ மாடிப்படியாண்டயே இருக்கு. எனக்குப் போக மனசே இல்ல நந்து. பெங்களூர்ல நான் ரெண்டு வருஷம் இருந்து பாத்தவதான். இந்த ரூமு, கீழேருந்து வர்ற தாளிப்பு வாசன, ஜன்னலத் தொறந்தா தெரியுற மலை, உன்கூட சண்ட போட்டுக்கிட்டே வேல பாக்குறது, இதெல்லாம் அங்க எவன் குடுப்பான்?

— சரி விடு. அழுவுறத அஞ்சு மணிக்கு மேல அழுவலாம். மொதல்ல முன்ஷி ஏன் நாப்பது போட்டுச்சுன்னு பாப்போம். அதுகிட்ட அந்த மண்டபத்துக்காரரு என்ன கேட்டாரு?

— வாட்ஸாப்ல வந்து, "நூறு பேருக்கு மட்டன் பிரியாணி வேணும், பௌர்ணமி அன்னிக்கு மதியம்"னாரு. அவ்ளோதான். முன்ஷி மரியாதையா பேசி, தேதி கேட்டு, எடம் கேட்டு, ஆர்டர் போட்டுடுச்சு. நாப்பது கிலோ.

— முன்ஷி தானா எதுவும் செய்யாது இல்ல? நீ செஞ்சு குடுத்த டூல எடுத்துதான செய்யும்?

— ஆமா. ஆர்டர் எடுக்க ஒரு டூலு, சமையக்கட்டுக்குச் சொல்ல ஒரு டூலு, எல்லாருக்கும் சேதி அனுப்ப ஒரு டூலு. எது எதுக்குன்னு நான் எழுதி வெச்சதப் படிச்சுட்டுதான் எடுக்கும். அது ஏஐ நந்து, மந்திரவாதி இல்ல.

— அந்த ஆர்டர் டூலுக்கு நீ எழுதி வெச்ச வெளக்கத்தப் படி.

— "பிரியாணி ஆர்டரைப் பதிவு செய்யும். அளவு, கிலோவில்."

— அப்புறம்?

— அப்புறம் என்ன? அவ்ளோதான்.

— அவ்ளோதானா? ருக்கு, நான் மாசம் பூரா கம்பெனிங்களுக்கு இந்த வேலதான பாக்குறேன். மெஷின் படிக்கிற மாரி டூலுக்கு வெளக்கம் எழுதிக் குடுக்குற வேல. உன் டூலுக்கும் எழுதித் தரேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். நீ என்ன சொன்ன?

— கிலோன்னா கிலோ, அதுல எழுத என்ன இருக்குன்னேன்.

— இப்ப முன்ஷி போட்ட கணக்கப் பாரு. ஒரு ஆளு தட்டுல நானூறு கிராம் பிரியாணி சாப்பிடுவாரு. நூறு ஆளுக்கு நாப்பது கிலோ. தட்டுல விழுறத எட போட்டா நாப்பது சரிதானே?

— பிரியாணிய எவன்டி தட்டுல எட போடுவான்? ஒரு கிலோ பிரியாணின்னா ஒரு கிலோ அரிசி. ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ கறி. வெந்து வந்தா எட்டுலேருந்து ஒம்போது பேரு வயிறார சாப்பிடலாம். நூறு பேருக்கு பன்னெண்டு கிலோ போதும். இது பொறந்த கொழந்தைக்குத் தெரியும்.

— உங்க வீட்ல பொறந்த கொழந்தைக்குத் தெரியும். முன்ஷி உங்க வீட்ல பொறக்கல.

— இப்பதான் புரியுது. எனக்குத் தெரியாததால எழுதாம விட்டுடல நந்து. அவ்ளோ நல்லாத் தெரிஞ்சதாலதான் எழுதல. கிலோவுக்கு இன்னொரு கணக்கு இருக்க முடியும்னே எனக்குத் தோணல.

— எல்லாரும் விடுறது அங்கதான். ஒரு ஆளு படிச்சா, புரியலன்னா பக்கத்துல இருக்கறவன கேப்பாரு. மெஷினு கேக்காது. நாம விட்ட எடத்த அதுவே ரொப்பிக்கும். அதுவும் ரொம்ப நம்பிக்கையா ரொப்பும். சரி, உங்கப்பா ஏன் கேக்கல? நூறு பேருக்கு நாப்பது கிலோன்னா அவரு அடுப்பப் பத்த வெக்கறதுக்கு முன்னாடியே சண்டைக்கு வந்திருப்பாரே.

— சமையக்கட்டுக்குப் போற சேதியில கிலோ மட்டும்தான் போவும். எத்தன பேருன்னு போவாது. பெரிய கல்யாண வலிமா விருந்துன்னு நெனச்சிருப்பாரு.

— அதுலகூட எழுதலியா?

— எழுதல. அதவிட மோசம் ஒண்ணு இருக்கு. ஆரம்பத்துல ஒவ்வொரு ஆர்டருக்கும் குறுக்க பேசிட்டே இருந்தாரா… "மாஸ்டர் அளவை மாற்றக் கூடாது"ன்னு பெரிசா பிரிண்ட் எடுத்து அடுப்பு மேல இருக்கற சுவத்துல நான்தான் ஒட்டுனேன்.

— ஐயோ சாமி.

— பேட்டா. மேல இருக்கியா?

— அப்பா வந்துட்டாரு. நந்து, நீ ஒண்ணும் பேசாத.

— வாங்க அங்கிள். இப்டி ஃபேனாண்ட உக்காருங்க. தண்ணி இந்தாங்க.

— குடு நந்தினிம்மா. இன்னா வெயிலு, மண்டைய பொளக்குது. நீ இன்னும் ஒண்ணும் சாப்புடலியா?

— விரதம் அங்கிள். உங்க வண்டி தெருவுல திரும்பும்போதே வாசன மேல வரைக்கும் வந்துடுச்சு. பெரிய சோதனையா இருக்கு.

— அப்பா, வண்டி வந்துடுச்சா?

— வந்துச்சு பேட்டா. தெரு முனையில நிக்குது.

— முனையிலயா? வாசலுக்குக் கொண்டாந்து தேக்சாவ எறக்கலியா?

— போலீஸ்காரன் பேரிகேட் போட்டுட்டான். பௌர்ணமி இல்ல? ஆட்டோவகூட உள்ள விட மாட்டேன்றான்.

— நம்ம தெருவுல எங்கப்பா பேரிகேட்டு? நான் ஜன்னல்லேருந்து பாத்துட்டுதான இருக்கேன்.

— போடப்போறான். பேசிக்கிட்டு இருந்தானுங்க. நீ அத வுடு பேட்டா. நான் உன்ன திட்ட வரல.

— திட்டிடுங்கப்பா. பரவால்ல.

— எதுக்குத் திட்டணும்? நாப்பது கிலோன்னு வந்துச்சு. எவனோ பெரிய எடத்துல வலிமா வெக்கிறான் போலன்னு நெனச்சு போட்டுட்டேன். நடுவுல ஒரு சந்தேகம் வந்துச்சு, மண்டபம் சின்ன மண்டபமாச்சேன்னு. நிமிந்து பாத்தா சுவத்துல நீ ஒட்டுனது இருக்கு. மாஸ்டர் அளவ மாத்தக் கூடாதுன்னு. மாத்தல.

— அங்கிள், நீங்களும் முன்ஷியும் ஒண்ணுதான். அவ எழுதுனத அப்டியே செஞ்சிருக்கீங்க.

— எழுத்துல இருந்தா கேக்க வேண்டியதுதான நந்தினிம்மா. சரி, மண்டபத்துக்காரங்க நல்லவங்க. ருசி ஜோரா இருந்துச்சுன்னு கையப் புடிச்சுக்கிட்டாங்க. நம்ம பேருக்கு ஒண்ணும் கொறையல.

— அப்பா, நீங்க போன மாசம் சொன்னது ஞாபகம் இருக்கா?

— எது?

— தேக்சா திரும்பி வந்தா நான் பெங்களூர் போவணும்னு.

— இல்லாமலா. சொன்னது சொன்னதுதான் பேட்டா. ஜானி பாஷா நாக்கு ரெண்டு பேசாது.

— அப்ப வரேன்னு இப்பவே மெயில் போட்டுடட்டுமா?

— மணி இன்னா ஆவுது?

— ரெண்டரை.

— அஞ்சு மணி வரைக்கும் டயம் இருக்குன்ன இல்ல? அதுக்குள்ள இன்னா அவசரம்? நான் போயி வண்டிய ஒரு பார்வ பாத்துட்டு வரேன். காசிம் தனியா இருக்கான். மூடி மாவு பிரிக்கல, தம்மு ஒடையல, சாயந்திரம் வரைக்கும் சூடு அப்டியே நிக்கும். அதுக்கப்புறம் நான் பொறுப்பு இல்ல.

— வெயில்ல நிக்காதீங்கப்பா. வாசலுக்கு எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

— வரேன் பேட்டா, வரேன்.

— போயிட்டாரு. பாத்தியா, ஒரு வார்த்த எறங்கி வரல.

— ருக்கு, அந்த மனுஷன் மூஞ்சியில கோவமே இல்லியே.

— அவருக்கு சந்தோஷம் நந்து. பொண்ணு பெரிய கம்பெனிக்குப் போறான்னு அக்கம்பக்கத்துல சொல்லிக்கலாம். அவர விடு. இப்ப ரெண்டு தேக்சா பிரியாணிய என்ன பண்றது? எரநூத்தி அம்பது பேரு சாப்பிடலாம். ஒரு பருக்க வீணாச்சுன்னாலும் அப்பா ஒரு வாரம் தூங்க மாட்டாரு.

— கொடும என்னன்னா, ஊர்ல இன்னிக்கு லட்சக்கணக்குல ஜனம் பசியோட நடக்குது. ஒரு ஆளுக்குக் குடுக்க முடியாது.

— உங்க அடி அண்ணாமலைப் பக்கம்…

— வாய மூடு. கிரிவலப் பாதையில மட்டன் பிரியாணி எடுத்துட்டு வந்தேன்னு எங்கம்மா உண்ணாமலை காதுல விழுந்தா, மலைய நான் சுத்த வேணாம், எங்கம்மா என்னச் சுத்தவுட்டு அடிக்கும்.

— செங்கம் ரோட்டுல ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளக்காரங்க?

— அவங்க மாட்டுப் பாலே குடிக்கறதில்லடி. பாதாமப் புழிஞ்சு குடிக்கிறாங்க. அவங்ககிட்ட போயி ஆட்டுக்கறியா?

— சரி, முன்ஷிகிட்டயே விடுவோம். "எல்லாருக்கும் சொல்லு"ன்னு ஒரு டூலு இருக்கு இல்ல? சூடா பிரியாணி இருக்குது, வாங்கன்னு ஒரே தட்டு. எண்ணூறு பேருக்குப் போவும். இதோ…

— கைய எடு.

— என்ன?

— மவுஸ்லேருந்து கைய எடுடி. அந்த டூலுக்கு என்ன எழுதி வெச்சிருக்க?

— "செய்தியை வாடிக்கையாளர் அனைவருக்கும் அனுப்பும்."

— அனைவருக்கும்னா யாரு யாரு?

— நம்மகிட்ட பிரியாணி வாங்கனவங்க. அப்புறம் கீழ நம்ம கடையில பாத்திரம் வாடகைக்கு எடுத்தவங்க.

— அண்டா, கரண்டி எல்லாம் எடுத்தவங்களா?

— ஆமா. நேத்துகூட நெறைய பேரு வந்து அண்டா தூக்கிட்டுப் போனாங்க. பௌர்ணமிக்கு அன்னதானம்… யா அல்லா.

— ஆங். அவங்க குளிச்சு விரதம் இருந்து, கைல கரண்டிய வெச்சுக்கிட்டு சாம்பார் சாதம் கெளறிட்டு இருக்கற நேரத்துல, போனு டிங்குன்னு அடிக்கும். எடுத்துப் பாத்தா, மட்டன் பிரியாணி ரெடி, வாங்க சாப்புடலாம்.

— அடுத்த மாசம் ஒரு அண்டாகூட வெளிய போவாது.

— அண்டா போவாதது இருக்கட்டும். அவங்க மனசு கஷ்டப்படும் இல்ல? முன்ஷிக்கு அது தெரியாது. அதும்மேல தப்பும் இல்ல. நீ அனைவரும்னு எழுதுன, அது அனைவருக்கும் அனுப்பும்.

— நந்து, உக்காரு. எல்லாத்தையும் மொதல்லேருந்து எழுதலாம். ரெண்டு டூலுக்கும்.

— ரெண்டேமுக்கா ஆவுது.

— எழுதிடலாம். நீ சொல்லு, நான் அடிக்கிறேன்.

— நான் சொல்ல மாட்டேன். நீதான் எழுதணும். நான் இப்ப முன்ஷி. எனக்கு இந்த ஊரு தெரியாது, பௌர்ணமி தெரியாது, உங்கப்பா யாருன்னு தெரியாது. நீ எழுதுனது மட்டும்தான் தெரியும். கிலோன்னா என்னம்மா?

— "கிலோ என்பது சமைக்காத அரிசியின் எடை. தட்டில் விழும் பிரியாணியின் எடை அல்ல."

— நூறு பேருக்கு எத்தன போடட்டும்?

— "ஒரு கிலோ எட்டுப் பேருக்கு. பத்து வயதுக்கு உட்பட்டவர் பாதி ஆள்."

— நூறு பேருன்னு சொன்னா அதுல பசங்க எத்தினின்னு எனக்கு எப்டித் தெரியும்?

— "கேட்டுத் தெரிந்துகொள்." இரு, இத எல்லா எடத்துக்கும் பொதுவா போட்டுடறேன். "எது தெளிவாக இல்லையோ அதை நீயே நிரப்பாதே. கேள்."

— அப்டிப் போடு. சமையக்கட்டுக்கு?

— "கிலோவோடு ஆள் கணக்கையும் சேர்த்து அனுப்பு. மாஸ்டருக்குச் சந்தேகம் வந்தால் ஆர்டரை நிறுத்திவைக்கலாம்." சுவத்துல ஒட்டுனத நானே போயி கிழிச்சிடறேன்.

— இப்ப சேதி அனுப்புற டூலு. யாருக்கு அனுப்பணும்?

— "அசைவம் வாங்கியவர்களுக்கு மட்டும். பாத்திரம் மட்டும் எடுத்தவர்களுக்கு அனுப்பாதே."

— ரெண்டும் வாங்குனவங்க இருந்தா? எங்க சித்தப்பா ராஜேந்திரன் மத்த நாள்ல உங்க கடையில பிரியாணி வாங்குவாரு, பௌர்ணமின்னா அன்னதானத்துக்கு அண்டாவும் எடுப்பாரு.

— அட, ஆமா. "பௌர்ணமி, தீபம், அமாவாசை நாள்களில், அந்த வாரம் பாத்திரம் எடுத்தவர்களை விட்டுவிடு."

— ம். இப்ப நான் சேதி அனுப்பிட்டேன். ஆர்டர் வருது, வருது, வந்துட்டே இருக்குது. எப்ப நிறுத்தறது?

— பிரியாணி தீந்துட்டா நிறுத்த வேண்டியதுதான்.

— தீந்துட்டா நிறுத்தணும்னு எங்க எழுதியிருக்க? நான் விடியுற வரைக்கும் எடுப்பேன். எரநூத்தி அம்பது என்ன, ரெண்டாயிரத்து ஐநூறு பேருக்கு வாக்கு குடுப்பேன். நான் முன்ஷி.

— கொன்னுடுவேன்டி உன்ன. சரி. "இருப்பு இவ்வளவு. அது முடிந்ததும் நிறுத்து. கேட்டவருக்கு முடிந்துவிட்டது என்று சொல்." திருப்தியா?

— எங்க வந்து வாங்கணும்?

— "கடை வாசலில்." இரு, அப்பா போன் பண்றாரு. ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லுங்கப்பா.

— பேட்டா, எதுனா ஏற்பாடு பண்றியா?

— ஆமாப்பா. சேதி அனுப்பப் போறோம். எல்லாரும் வாசல்ல வந்து வாங்கிக்கட்டும்னு போடறேன். வண்டிய வாசலுக்கு எடுத்துட்டு வந்துடுங்க.

— வாசல்னு போடாத. தெரு முனை வேப்பமரத்தடின்னு போடு.

— ஏன்பா?

— நெழலு இருக்கு. வர்றவங்க நிக்க வேணாமா?

— பேரிகேட்டுன்னீங்க?

— பேரிகேட்டும்தான். நெழலும்தான். நீ வேப்பமரம்னு போடு பேட்டா. வெச்சுடறேன்.

— இன்னாடி இது? உங்கப்பாவுக்கு அந்த மரத்து மேல அப்டி என்ன பாசம்?

— வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சு போல. வேப்பமரம்னே போடறேன். நந்து, இந்த லிஸ்ட்டுல வராத ஆளுங்க இன்னும் இருக்காங்க பாரு. வெளியூர்லேருந்து ஸ்பெஷல் பஸ்ஸு ஓட்டிட்டு வந்திருக்காங்களே, டிரைவருங்க, கண்டக்டருங்க. தீபத்துக்கு வந்தப்ப டிரைவர் தருமன் அண்ணன் என்ன சொன்னாரு?

— "மூணு நாளா தயிர் சாதம், ஸ்டேரிங்கப் புடிச்சா கை நடுங்குது"ன்னாரு.

— அவருக்கு தனியா ஒரு சேதி. இன்ஜினியரிங் ஹாஸ்டல் பசங்களுக்கு ஒண்ணு. பஸ்ஸுல கால் வெக்க எடம் இல்லாம ஊருக்குப் போக முடியாம கெடக்குறாங்க. அந்த மெஸ் லீடர் பையன் பேரு என்ன, பிரகாஷ். பாதி வெலன்னு போடறேன். அப்பாவும் அதான் சொல்லுவாரு.

— இன்னொரு தடவ படி, முழுசா.

— படிச்சுட்டேன். ரெண்டு தடவ.

— அப்ப அனுப்பு. நான் கண்ண மூடிக்கிறேன்.

— பிஸ்மில்லா. போயிடுச்சு.

— எத்தன பேருக்கு?

— எரநூத்தி சொச்சம். எண்ணூறு இல்ல. உங்க சித்தப்பாவுக்குப் போகல.

— அண்ணாமலையாரே, காப்பாத்துன.

— நந்து. இங்க பாரு. முன்ஷி நம்மளக் கேக்குது.

— என்னன்னு?

— "தருமன் என்பவர் அறுபது பேருக்கு வேண்டும் என்கிறார். அதில் சிலர் பணி முடிந்ததும் மலை சுற்றப் போகிறவர்கள் என்றும் சொன்னார். அவர்களையும் கணக்கில் சேர்க்கவா, விட்டுவிடவா? எனக்குத் தெரியவில்லை."

— தெரியலன்னு சொல்லுதா?

— தெரியலன்னு சொல்லுதுடி. ஒரு மாசமா இது எங்கிட்ட ஒரு தடவகூட இப்டிக் கேட்டதில்ல. ரொப்பிக்கல, கேக்குது.

— அழாத. பதில் போடு. "மலை சுத்தறவங்கள தனியா கேளு, அவங்க வேணாம்னா விட்டுடு"ன்னு.

— போட்டுட்டேன். உடனே திரும்பி வந்துடுச்சு. "ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். இருவர் நாளைக்குக் கிடைக்குமா என்றார்கள். ஒருவர் வண்டி ஓட்டும்போது தான் வேறு ஆள், மலை சுற்றும்போது வேறு ஆள் என்றார். அவரைச் சேர்த்துக்கொண்டேன்."

— அந்த ஒருத்தரு தருமன் அண்ணனாத்தான் இருப்பாரு.

— அப்பா மறுபடி கூப்புடறாரு. சொல்லுங்கப்பா.

— பேட்டா, இங்க வந்து பாரு. மரத்தடி பூரா காக்கி சட்ட. ஒருத்தன் ஸ்டெப்னி மேல எலையப் போட்டு உக்காந்துட்டான். காசிமுக்குக் கை ஓயல. இன்னா எழுதுன நீ?

— எல்லாத்தையும் எழுதுனேன்பா.

— ஜாஸ்தி எழுதிட்டியா?

— போன தடவ கம்மியா எழுதிட்டேன்.

— தால்ச்சா பத்தாது போல இருக்கு. உங்க அம்மாகிட்ட சொல்லி ஒரு குண்டான் ஏத்தச் சொல்லு. பச்சடிக்கு வெங்காயமும். நீயே எடுத்துட்டு வா. வண்டிய அங்க கொண்டுவர முடியாது, ரிவர்ஸ் எடுக்க எடம் இல்ல.

— எந்த ரிவர்ஸுப்பா? காசிம் அண்ணன் பத்து வருஷமா நம்ம வாசல்லதான ரிவர்ஸ் எடுக்கறாரு?

— இன்னிக்கு எடம் இல்ல. வெச்சுடறேன், ஹாஸ்டல் பசங்க பக்கெட்டத் தூக்கிட்டு ஓடி வர்றானுங்க.

— பேரிகேட்டு, நெழலு, இப்ப ரிவர்ஸு. ருக்கு, உங்கப்பா என்னமோ மறைக்கிறாரு.

— என்ன மறைக்கப் போறாரு. வா, குண்டான ஒரு பக்கம் புடி.

— நான் புடிக்கிறேன். மூக்க மூடிக்கிட்டு புடிக்கிறேன். ஒரு மாசத்துக்கு வேண்டிய புண்ணியம் எனக்கு இன்னிக்கே சேந்துடும்.

…

— மணி என்ன நந்து?

— நாலே முக்கா. ஒக்காருடி. மூஞ்சியெல்லாம் வேர்வ. முன்ஷி கடைசியா என்ன சொல்லுது?

— "இருப்பு முடிந்தது. அதன் பிறகு கேட்ட பதினான்கு பேரிடம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். வருத்தப்பட்டார்கள். நாளை மதியத்துக்கு ஆர்டர் எடுக்கலாமா என்று மாஸ்டரைக் கேட்கவும்."

— ரெண்டு தேக்சாவும் காலி. தருமன் அண்ணன் அடியச் சொரண்டி எடுத்துட்டுப் போனத என் கண்ணால பாத்தேன். நீ ஜெயிச்சுட்டடி.

— இல்ல நந்து.

— இன்னா இல்ல?

— காலியானது சரி. ஆனா மதியமே திரும்பி வந்துடுச்சே. சோத்தோட வந்துச்சு. அப்பா சொன்னது அதானே? வந்ததுக்கப்புறம் தீத்தா, வராததுன்னு ஆயிடுமா?

— உங்கப்பாகிட்ட ஒரு வார்த்த கேளேன். இன்னிக்கு அவரே அசந்து போயிட்டாரு. மன்னிச்சுடுவாரு.

— கேக்க மாட்டேன். இத்தன வருஷமா சொன்ன சொல்ல மாத்தாத மனுஷன். எனக்காக மாத்துனாருன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. இது என் தப்பு. ரெண்டு வரி எழுத சோம்பேறித்தனப்பட்டேன். போயிட்டு வரேன். நீ முன்ஷியப் பாத்துக்கோ. டூல் எது புதுசா சேத்தாலும் முழுசா எழுது.

— ருக்கு…

— "மதிப்பிற்குரிய ஐயா, வேலையில் சேரச் சம்மதம்." வேற என்ன எழுதணும்? போதும் இல்ல?

— பேட்டா.

— அப்பா, வாங்க. நானே கூப்புடணும்னு இருந்தேன். வரேன்னு எழுதிட்டேன். பட்டனத் தட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாம்னு.

— எங்க வரேன்னு?

— பெங்களூருக்கு.

— எதுக்கு பெங்களூருக்கு?

— என்னப்பா இப்டிக் கேக்கறீங்க? தேக்சா திரும்பி வந்துச்சு இல்ல?

— இரு ருக்கு. அங்கிள், நான் ஒண்ணு கேக்கலாமா?

— கேளு நந்தினிம்மா.

— பேரிகேட்டுன்னீங்க, வரவே இல்ல. நெழலுன்னீங்க. ரிவர்ஸ் எடுக்க எடம் இல்லன்னீங்க. இப்ப ஜன்னல்லேருந்து பாத்தேன், அதே வண்டி, அதே தெரு, காசிம் அண்ணன் ஒத்தக் கையால ரிவர்ஸ் எடுத்து வாசல்ல நிறுத்தி, காலி தேக்சா ரெண்டையும் எறக்கிட்டு இருக்காரு. அப்ப மதியத்துலேருந்து எதுக்கு வெயில்ல காவக் காத்தீங்க?

— சொல்லுங்கப்பா.

— எழுதுனத எழுதுனபடி படிக்க உன் முன்ஷிக்கு மட்டும்தான் தெரியுமா பேட்டா? சோத்தோட நம்ம வாசலுக்குத் திரும்பி வந்தா நீ போவணும்னு கோவத்துல சொல்லித் தொலச்சிட்டேன், சொன்னத மாத்தவும் முடியாது, உன்ன அனுப்பவும் மனசு இல்ல. அதான் சோறு தீர்ற வரைக்கும் வண்டிய வாசலுக்கே வர விடல.